உனக்கு என்ன வந்தது?

2008ஆம் ஆண்டு. ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் பள்ளி இறுதிக் கணக்குத் தேர்வு முடிந்து மாணவர்கள் வெளியே வந்தார்கள். எந்த ஊர்த் தேர்வறை வாசலிலும் கேட்கும் கேள்விதான் அங்கும் எழுந்தது: உனக்கு என்ன வந்தது?

அந்த ஆண்டு அதிகம் பேசப்பட்ட கணக்குக்கு நாயகன் டிர்க் நோவிட்ஸ்கி. வூர்ட்ஸ்பர்க்கில் பிறந்து, அமெரிக்காவின் டல்லாஸ் மேவரிக்ஸ் அணிக்கு ஆடப் போன கூடைப்பந்து வீரர். 2006-07 பருவத்தில் அவர் எறிந்த ஃப்ரீ த்ரோக்களில் 90.4 விழுக்காடு கூடையில் விழுந்தன. இந்த ஒரு தகவலைக் கொடுத்துவிட்டு வினாத்தாள் நிகழ்தகவு கேட்டது. பத்து முறை எறிந்தால் சரியாக எட்டு விழ என்ன வாய்ப்பு? 18.5 விழுக்காடு. சூத்திரம் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. அடுத்தது, அதிகபட்சம் எட்டு விழ? அதுவும் பழகிய கணக்குதான்.

மூன்றாவதில்தான் வம்பு வந்தது. நோவிட்ஸ்கி தொடர்ச்சியாக அதிகபட்சம் நான்கு முறை மட்டும் வெற்றி பெற என்ன நிகழ்தகவு என்று கேட்டிருந்தார்கள். மொத்தம் எத்தனை எறிகள் என்று சொல்லவில்லை. ஒரு மாணவர் இதை இப்படி வாசிக்கலாம்: இப்போது எறியத் தொடங்குகிறார், முதல் ஐந்து எறிகளுக்குள் ஒன்றாவது தவற வேண்டும். விடை 39.6 விழுக்காடு. பக்கத்தில் நிற்பவர் வேறு மாதிரி வாசிக்கலாம்: முந்தைய கேள்விகளில் வந்த அதே பத்து எறிகள்தான் இங்கும், அவற்றில் எங்கேயும் தொடர்ந்து ஐந்து விழக் கூடாது. விடை 10.6 விழுக்காடு. மூன்றாமவர், எண்ணிக்கை சொல்லாமல் இதைக் கணக்கிடவே முடியாது என்று எழுதி வைத்திருக்கலாம். மூவர் செய்ததிலும் கணக்குப் பிழை கிடையாது. தமிழ்நாட்டுத் தேர்வறை வாசலில் ‘டேலி ஆகவில்லை’ என்று சொல்லி நெஞ்சில் கைவைப்பார்களே, அந்த நிலைதான். ஆனால் இங்கே குற்றம் கேள்வியின் மேல்.

அதே தாளில் இருந்த வடிவியல் கணக்கு ஒன்றுக்கு ‘பயங்கர எண்முகி’ என்றே பெயர் விழுந்தது. பேராசிரியர்கள் வரை விவாதத்தில் இறங்கினார்கள். கடைசியில் மாநிலக் கல்வி அமைச்சர் பார்பரா சோமர், விரும்பிய மாணவர்கள் மீண்டும் எழுதலாம் என்று வழிவிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இரண்டாம் முறை உட்கார்ந்து எழுதினார்கள்.

இதில் தமிழ் வாசகருக்குப் புதிதாக என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒரு மாநிலம், ஒரு கேள்வித்தாள், குழப்பமான ஒரு வினா, பிறகு போராட்டம். ஆண்டுதோறும் இங்கே நடப்பதுதானே? ஆனால் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் மாநிலம் முழுவதற்கும் ஒரே தாள் வந்து அப்போது இரண்டே ஆண்டுகள். 2007க்கு முன்பு கொலோன் நகர மாணவரும் டோர்ட்முண்ட் நகர மாணவரும் சந்தித்துக்கொண்டாலும் விடைகளை ஒப்பிட்டிருக்க முடியாது. இருவர் எழுதியதும் வேறு வேறு தாள். இருவரின் தாளையும் தயாரித்தவர்கள் அவரவர் பள்ளி ஆசிரியர்கள்.

நம் பக்கம் கதை வேறு. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியபோதே மெட்ரிகுலேஷன் தேர்வும் வந்துவிட்டது. பல்கலைக்கழகம் கேள்வி கேட்கும். எந்தப் பள்ளியில் படித்தவரும் அதே கேள்விக்கு விடை எழுத வேண்டும். உள்ளே விடுவதா வேண்டாமா என்று வாசலில் நின்று பார்த்தது பல்கலைக்கழகம். ஜெர்மனியில் நடந்தது நேர்மாறு. அங்கே வெளியே அனுப்பும்போது பள்ளி சோதித்தது. அந்தத் தேர்வின் பெயரிலேயே இது இருக்கிறது. ‘அபிட்டூர்’ என்ற சொல்லின் வேர் லத்தீனில் விடைபெற்றுப் போவதைக் குறிப்பது. தேறியவர் கையில் கிடைக்கும் தாளை நெடுங்காலம் ‘ரைஃபெட்சாய்க்னிஸ்’ என்றார்கள். தமிழில் சொன்னால் பக்குவச் சான்றிதழ்.

தொடக்கம் பிரஷ்யாவில். அதுவரை பல்கலைக்கழகங்கள் வந்தவரைத் தாங்களே பார்த்துச் சேர்த்துக்கொண்டன. பார்வை அப்படியொன்றும் கூர்மையாக இருக்கவில்லை. லத்தீன் கூடச் சரியாக வராத பையன்கள் உதவித்தொகையை நம்பிப் பல்கலைக்கழகத்துக்கு வந்து குவிகிறார்கள் என்ற புகார் வலுத்தது. கார்ல் ஆபிரகாம் ஃபோன் ஸெட்லிட்ஸ் பொறுப்பிலிருந்த பள்ளிக் கல்வி மேல்வாரியத்தின் முயற்சியால் 1788 டிசம்பர் 23 அன்று அபிட்டூர் விதிகள் வெளியாயின. அவற்றில் ஒரு சலுகை இருந்தது. பக்குவம் போதாது என்று பள்ளி எழுதிக் கொடுத்தாலும் பல்கலைக்கழகத்தில் சேரலாம், உதவித்தொகைதான் கிடைக்காது. அதாவது வசதியான வீட்டுப் பையனை அந்தத் தேர்வு தடுக்கவில்லை. 1812இல் விதிகள் இறுகின. 1834இல் பல்கலைக்கழகங்களின் சொந்த நுழைவுத்தேர்வு ஒழிக்கப்பட்டு, பள்ளியின் அபிட்டூர் மட்டுமே உயர்கல்விக்கு வழி என்றானது.

அடுத்த ஆண்டே ட்ரியர் நகரத்தில் கிம்னாசியம் என்னும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் அந்தத் தேர்வை எழுதினான். பெயர் கார்ல் மார்க்ஸ்.

1835 ஆகஸ்டில் அவன் எழுதிய தாள்கள் இன்றும் இருக்கின்றன. லத்தீன் கட்டுரைக்குத் தலைப்பு, அகஸ்டஸின் ஆட்சியை ரோம வரலாற்றின் நல்ல காலங்களில் ஒன்றாக எண்ணலாமா என்பது. சமயத் தாளில் யோவான் நற்செய்தியின் ஒரு பகுதியை விளக்க வேண்டும். ஜெர்மன் கட்டுரை, ஓர் இளைஞன் தொழிலைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. தனக்கு மட்டுமான உயர்வைத் தேடாமல் மனிதகுலத்துக்குப் பயன்படும் தொழிலைத் தேர வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததால், பின்னாளைய மார்க்ஸின் விதை இதோ என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பலர் மகிழ்ந்தார்கள்.

ஆனால் அவனோடு உட்கார்ந்து எழுதிய வகுப்புத் தோழர்களின் கட்டுரைகளும் ஆவணமாகக் காப்பாற்றப்பட்டிருந்தன. ட்ரியர் வரலாற்றை ஆராய்ந்த ஹைன்ஸ் மோன்ஸ் 1973இல் அவற்றை அச்சிட்டார். தேர்வு முடிந்து 138 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த விடை ஒப்பீடு அது! கடமை, பிறர் நலம், மனத்துக்குப் பொருந்தும் தொழில் என்று அதே எண்ணங்கள் மற்றப் பையன்களின் தாள்களிலும் வந்தன. காரணம் எளிது. எல்லாரும் ஒரே வகுப்பில் ஒரே பாடம் கேட்டவர்கள். அறிவொளிக் காலக் கருத்துகளில் ஊறிய தலைமையாசிரியர் யோஹான் ஹூகோ வைட்டன்பாக், பள்ளி முழுவதிலும் தன் முத்திரையைப் பதித்திருந்தார். மார்க்ஸின் தாளுக்கு அவர் கொடுத்த மதிப்பு ‘ஓரளவு நன்று’. அரிய சொற்களையும் படிமங்களையும் மிதமிஞ்சித் தேடும் வழக்கமான தவறு இதிலும் இருக்கிறது என்று குறிப்பும் எழுதினார்.

கேட்பவர், கற்பித்தவர், திருத்துபவர் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அபிட்டூரின் பலமும் பலவீனமும் இந்த ஏற்பாட்டில்தான் இருந்தன. பையனை ஆண்டுக்கணக்கில் பார்த்த ஆசிரியருக்கு அவன் பக்குவம் தெரியும். அடுத்த ஊர்ப் பையனோடு ஒப்பிட்டால் அவன் எப்படி என்று தெரியாது. பவேரியா மட்டும் 1854இலேயே மாநிலம் முழுவதற்கும் ஒரே தாள் என்ற வழிக்குப் போனது. மற்ற இடங்களில் பழைய ஏற்பாடு தொடர்ந்தது.

அந்த வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கவும் இல்லை. பெண்களுக்கு நெடுங்காலம் கிம்னாசியமே கிடையாது. ஹெலனே லாங்கே பெர்லினில் தனியாக வகுப்புகள் நடத்தி, 1896இல் ஆறு பெண்களை ஆண்கள் பள்ளியொன்றில் வெளித்தேர்வர்களாக அபிட்டூர் எழுத வைத்தார். ஆறு பேரும் தேறினார்கள். ஆயினும் பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறைப்படி சேர்க்க 1908 வரை ஆனது. 1914இல் போர் மூண்டபோது களத்துக்குப் புறப்பட்ட மாணவர்களுக்கு அவசர அவசரமாக ‘நோட்அபிட்டூர்’ நடந்தது. அந்தத் தாள்களின் விடையைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடு இரண்டானது, தேர்வும் இரண்டானது. கிழக்கே நாடு முழுவதற்கும் பொதுவான எழுத்துத் தேர்வு. மேற்கே கல்வி மாநிலங்களின் உரிமை. பிரெஞ்சுப் படைகள் ஆண்ட தென்மேற்குப் பகுதிகள் சிலவற்றில் பொதுத்தேர்வு வேரூன்றியது. வடக்கில் ஆசிரியரே கேள்வி போட்டார். பல்கலைக்கழகங்களில் இடம் தாராளமாக இருந்தவரை இந்த வேறுபாடு யாரையும் உறுத்தவில்லை. பக்குவச் சான்றிதழ் இருந்தால் போதும், கேட்ட படிப்பில் சேரலாம்.

1960களின் முடிவில் இடம் நிரம்பியது. மருத்துவத்துக்கு வரிசை நீண்டது. இடம் மறுக்கப்பட்டவர்கள் வழக்குத் தொடர, கார்ல்ஸ்ரூவேயில் உள்ள அரசமைப்பு நீதிமன்றம் 1972 ஜூலை 18 அன்று பெயர்பெற்ற தீர்ப்பைச் சொன்னது. படிப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு. இடத்துக்கு வரம்பு கட்ட வேண்டுமானால் இருக்கும் இடங்களை முழுமையாகப் பயன்படுத்திய பிறகே கட்டலாம். மாணவரைத் தேர்ந்தெடுக்கும் முறை எல்லாருக்கும் நியாயமாக இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு டோர்ட்முண்டில் நாடு தழுவிய இட ஒதுக்கீட்டு அலுவலகம் வந்தது. நம் கவுன்சலிங் அலுவலகத்துக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் ஒப்பிட முடியாத தாள்கள் தலைவலியாயின. ஜெர்மன் மதிப்பெண்ணில் 1.0 உச்சம், எண் கூடக்கூடத் தரம் குறையும். 1.3 வாங்கியவருக்கு இடம், 1.4 வாங்கியவருக்கு இல்லை என்றால், அந்த 0.1 வேறுபாட்டைக் கொடுத்தவர் யார், எந்த மாநிலத்து ஆசிரியர், எவ்வளவு தாராளமானவர் என்ற கேள்வி வரும். முதலில் ஒரு கூட்டல் கழித்தல் செய்து பார்த்தார்கள். தாராளமாக மதிப்பெண் போடும் மாநிலத்துப் பிள்ளைக்குக் கொஞ்சம் குறைப்பது, இறுக்கமான மாநிலத்துப் பிள்ளைக்குக் கொஞ்சம் கூட்டுவது. மாணவர்கள் கொதித்தார்கள், வழக்குகள் வந்தன, அந்த முறை கைவிடப்பட்டது.

அதே ஆண்டுகளில் இலங்கையில் ‘தரப்படுத்தல்’ என்ற சொல் தமிழ் வீடுகளில் நுழைந்துகொண்டிருந்தது. அங்கே தமிழ் மாணவர்கள் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டியிருந்தது. இரண்டின் அரசியலும் வேறு, விளைவும் வேறு. பின்னர் போரால் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த ஈழத்தமிழ்ப் பெற்றோர், தங்கள் பிள்ளைகளின் அபிட்டூர் மதிப்பெண் மாநிலத்துக்கு மாநிலம் எப்படி எடைபோடப்படுகிறது என்று கேட்டபோது, அந்தக் கேள்வி அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்காது. அவர்களின் பிள்ளைகள் சனி, ஞாயிறுகளில் போகும் தமிழாலயங்களில் தமிழுக்கு நாடு தழுவிய பொதுத்தேர்வு நடக்கிறது. ஹாம்பர்க் பிள்ளையும் ஸ்டுட்கார்ட் பிள்ளையும் தமிழ்த் தாளின் விடைகளைத் தாராளமாக ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பள்ளி மதிப்பெண்ணை மட்டும் நம்ப முடியாது என்று 1977இல் நீதிமன்றம் மீண்டும் சொன்னது. அதன் பிறகு பிறந்ததுதான் மருத்துவப் படிப்புக்கான தகுதித் தேர்வு. சில ஆண்டுச் சோதனைக்குப் பின் 1986 முதல் மேற்கு ஜெர்மனியில் மருத்துவம் படிக்க விரும்பிய அனைவரும் அதை எழுதினார்கள். நீட் போலப் பாடப்புத்தகத்தைச் சோதிக்கும் தேர்வு அல்ல அது. ஒரு படத்தின் துண்டைக் காட்டி அது எந்தப் பகுதி என்று கேட்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் குழாயைக் காட்டி, இந்தப் படம் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்பார்கள். நோயாளிகளின் வயது, தொழில், நோய் ஆகியவற்றை மனத்தில் ஏற்றச் சொல்லி, நேரம் கழித்துக் கேட்பார்கள்.

விடை ஒப்பிடுபவர்களுக்கு அந்தத் தேர்வு ஒரு வேடிக்கையும் வைத்திருந்தது. பல பகுதிகளில் 24 வினாக்கள் இருந்தாலும் 20க்குத்தான் மதிப்பெண். மீதி நான்கு, எதிர்கால வினாத்தாளுக்காக வெள்ளோட்டம் விடப்படுபவை. எந்த நான்கு என்று எழுதுபவருக்குத் தெரியாது. வெளியே வந்து ஒரு மணி நேரம் சண்டை போட்ட வினா, கணக்கிலேயே வராத வினாவாக இருக்கலாம். விண்ணப்பங்கள் குறைந்ததால் அந்தத் தேர்வு 1990களின் நடுவில் நிறுத்தப்பட்டது. 2007இல் பாடன்-வூர்ட்டம்பர்க்கில் மீண்டும் வந்து, இன்று பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளின் தேர்வு முறையில் இடம்பிடித்திருக்கிறது. ஆனால் இதிலும் ஜெர்மானியர்கள் முழுதாக மனம் வைக்கவில்லை. எழுதுவது மாணவர் விருப்பம். அபிட்டூரின் இடத்தை அது பிடிக்கவில்லை.

பள்ளித் தேர்வைப் பொதுவாக்கியது வேறோர் அதிர்ச்சி. 2001இன் கடைசியில், நாடுகளின் பள்ளிக் கல்வியை ஒப்பிடும் முதல் பீசா ஆய்வின் முடிவு வந்தது. தங்கள் பள்ளிகள் உலகத் தரம் என்று நம்பியிருந்த ஜெர்மனி, பதினைந்து வயதுப் பிள்ளைகளின் வாசிப்பிலும் கணக்கிலும் சராசரிக்குக் கீழே நின்றது. மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொதுத் தாளுக்கு மாறின. ஹாம்பர்க் 2005, லோயர் சாக்சனி 2006, நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனும் ஹெஸ்ஸனும் 2007. பிறகு 2017 முதல் ஜெர்மன், கணக்கு, ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய பாடங்களுக்கு பெர்லினில் உள்ள நிறுவனம் ஒன்று பொதுவான வினாத் தொகுப்பைத் தயாரிக்க, மாநிலங்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளத் தொடங்கின.

ஒரே தாள் வந்ததும், அதைத் திருடவும் ஆள் வந்தது. 2017இல் ஸ்டுட்கார்ட்டிலும் 2018இல் கோஸ்லாரிலும் பள்ளிப் பெட்டகங்கள் உடைக்கப்பட்டன. அந்தந்த மாநிலம் கடைசி நேரத்தில் தாளை மாற்ற வேண்டியதாயிற்று. கேள்வியை ஆசிரியரே போட்ட காலத்தில் இப்படியொரு திருட்டு நடந்தால் ஒரு பள்ளியோடு போயிருக்கும்.

ஒப்பீட்டின் குரலும் பெருத்தது. 2019 மே மாதம் பவேரியாவில் கணக்குத் தாள் கடினம் என்று மாணவர்கள் இணையத்தில் மனு தொடங்கினார்கள். எழுதியவர்கள் சுமார் 37 ஆயிரம்; கையெழுத்துகள் சில நாட்களில் அதைத் தாண்டின. மாநிலக் கல்வி அமைச்சர் மிஷாயேல் பியாட்சோலோ நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து, தாள் கடினமானதுதான், ஆனால் முறையானது என்று சொல்லி மதிப்பெண் அளவை மாற்ற மறுத்தார். அதே ஆண்டு சார்லாந்து மாநிலம் மாணவர்களுக்குச் சாதகமாக அளவைத் தளர்த்தியது.

இந்தக் கொந்தளிப்பெல்லாம் நடந்தும், தமிழ்நாட்டுத் தேர்வுநாளின் இறுக்கம் அங்கே இல்லை. மொழித் தேர்வு நாலைந்து மணி நேரம் நீளும். மேசையில் தாளோடு தண்ணீர் பாட்டில், வெண்ணெய் தடவிய ரொட்டி, வாழைப்பழம், சாக்லேட். பல விடைகளில் ஒன்றைக் குறிக்கும் வினாக்கள் அபூர்வம் என்பதால் மாலையிலேயே பயிற்சி மையம் ‘ஆன்சர் கீ’ வெளியிடும் வழக்கமும் இல்லை. திருத்துவதற்கு ஒரு வழிகாட்டிக் குறிப்பு உண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘எதிர்பார்ப்பின் தொடுவானம்’ என்று வரும். திருத்துபவர் இருவர், முதலாமவர் பெரும்பாலும் சொந்த ஆசிரியரே. எல்லாவற்றுக்கும் மேலாக, அபிட்டூரின் மொத்தப் புள்ளிகள் 900. அதில் 600 கடைசி இரண்டு ஆண்டு வகுப்புப் படிப்புக்கு. இறுதித் தேர்வுகள் எல்லாம் சேர்ந்து 300தான். வாசலில் நின்று ஒப்பிடும் அந்த ஒரு கணக்கு, மொத்தத்தில் ஒரு துளி.

ஒப்பிடுவதற்கு அந்தத் துளி போதுமா என்று அரசமைப்பு நீதிமன்றமே சந்தேகப்பட்டது. 2017 டிசம்பர் 19 அன்று வந்த தீர்ப்பு, மாநிலங்களின் அபிட்டூர் மதிப்பெண்களை ஓரளவுக்கு மேல் ஒப்பிட முடியாது, பல்கலைக்கழகங்கள் தாங்களே மாணவரைத் தெரிவு செய்யும்போதும் அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்றது. மருத்துவத்துக்குக் காத்திருப்போர் வரிசை அப்போது ஏழாண்டு அளவுக்கு நீண்டிருந்தது. 2020 முதல் மருத்துவ இடங்களில் 30 விழுக்காடு அபிட்டூர் மதிப்பெண்ணுக்கு, 10 விழுக்காடு வேறு தகுதிகளுக்கு, 60 விழுக்காடு பல்கலைக்கழகங்களின் சொந்தத் தெரிவு முறைக்கு என்று பிரித்தார்கள்.

முழுமையான பொதுத்தேர்வுக்கு இன்னும் வராத ஒரே மாநிலம் ரைன்லாந்து-ஃபால்ட்ஸ். சில பாடங்களில் பொதுத் தொகுப்பிலிருந்து ஒரு பகுதி வினா வருகிறது; மற்றபடி அந்தந்தப் பள்ளி ஆசிரியர்தான் வினாக்களை எழுதி அனுப்பி ஒப்புதல் வாங்குகிறார். அதன் தலைநகர் மைன்ஸ் ரைன் நதியின் ஒரு கரையில். எதிர்க்கரையில் ஹெஸ்ஸன் மாநிலத்தின் வீஸ்பாடன். பாலத்தைக் கடந்தால் வேறு தாள். மார்க்ஸ் படித்த ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் கிம்னாசியமும் இதே மாநிலத்தில், ட்ரியரில், இன்றும் இயங்கிக்கொண்டிருக்கிறது.